இடைவெளி தந்த பாடம்

தமிழ்ச் சிறப்பு வகுப்பிலே பயிலும் மாணவன் ஒருவன் கணிப்பொறியின் கட்டளைகளைப் பற்றிக் கட்டுரை யெழுதப் புகுவது முறையோவென்று இம்மலரைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்களும் தோழர்களும் ஐயுறக்கூடும். யானும் முதலில் அங்ஙனமே ஐயுற்றேன். ஆயினும் இவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் விடுதி அறையில் எனக்கு நேர்ந்த இழப்பு ஒன்று இதனை எழுதுமாறு என்னை உந்திற்று. அவ்விழப்பிற்குக் காரணமான பிழை என்னுடையதே. அது பிறந்த இடமோ இரண்டு சொற்களுக்கு நடுவேயுள்ள சிறு வெற்றிடம். சொற்கள் எங்கே சேரும், எங்கே பிரியும் என்று கற்பதையே நாள்தோறும் கடமையாகக் கொண்ட ஒருவன் அதிலேயே தவறினான் என்பது நாணத்தக்கது. நாணத்தை மறைப்பதினும் பிறர்க்குப் பயன்படுமாறு சொல்லிவிடுதல் நன்று எனத் துணிந்தேன்.

என் தாயைப் பெற்ற ஆச்சிக்கு வயது 83. எங்கள் ஊர் தேரிக்காட்டை அடுத்தது. செம்மணலும் பனைமரமுமே அதன் செல்வம். ஆச்சி எழுதப் படிக்க அறியார். ஆயினும் தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் அவர் நாவில் வற்றாத ஊற்றுப்போற் சுரக்கும். நாட்டுப்புற இலக்கியப் பாடத்திற்காக ஒவ்வொரு மாணவரும் தம் ஊரில் வழங்கும் பாடல்களைத் தொகுத்து வருதல் வேண்டுமென்று எங்கள் ஆசிரியர் பணித்திருந்தார். ஆதலின் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் சென்றபோது, ஆச்சியின் அருகமர்ந்து, கைப்பேசியில் 23 பாடல்களைப் பதிவு செய்தேன்.

அவற்றுள் முதலாவது ஒரு தாலாட்டு. அன்று மாலை ஆச்சி மிக்க உவகையோடிருந்தார். என் தாயைத் தொட்டிலிலிட்டுத் தாம் பாடிய பாட்டைத் தொடக்கமுதல் இறுதிவரை நிறுத்தாமற் பாடினார். மாமன்மார் கொணர்ந்த சீரும், ஓலைக் கிலுகிலுப்பையும், பனையேறப் போன பாட்டனார் பொழுது சாய்ந்தும் திரும்பாத கவலையும் அதில் வந்தன. ஒன்பது நிமிடம் நீண்ட அப்பதிவிற்குத் 'தாலாட்டு' என்று பெயரிட்டேன். இரண்டு நாள் கழித்து, அதனையே மீண்டும் ஒருமுறை பாடுமாறு வேண்டினேன். அன்று அவர்க்குச் சளி. பாதியிலே இருமல் வந்து நின்றுவிட்டது. அக்குறைப் பதிவிற்கு 'ஆச்சி தாலாட்டு' என்று பெயரிட்டேன். மற்றை 21 பாடல்களுக்கும் 'கும்மி', 'ஒப்பாரி1', 'ஒப்பாரி2' என்றாற்போல ஒரே சொல்லாகிய பெயர்களே அமைந்தன. இரு சொற்களாலாகிய பெயர் இஃது ஒன்றுதான் என்பதைப் படிப்போர் நினைவிற் கொள்க.

விடுதிக்குத் திரும்பியதும் பதிவுகளை என் பழைய மடிக்கணினிக்கு மாற்றினேன். கைப்பேசியில் இடம் போதாமையால் அங்கிருந்தவற்றை அழித்துவிட்டேன். சுருக்கப்படாத வேவ் வடிவில் இருந்தமையால் ஒவ்வொரு நிமிடத்திற்கும் ஏறக்குறைய 10 மெகாபைட்டு இடம் செலவாயிற்று. எம்பி3 வடிவிற்கு மாற்றினால் அதில் பத்தில் ஒரு பங்கே போதும். அப்பணியைச் செய்ய எஃப்எஃப்எம்பெக் என்னும் நிரல் உண்டு. 23 முறை கையால் தட்டுவானேன் என்றெண்ணி, பாஷ் என்னும் ஷெல் மொழியில் சிறிய ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன். லினக்ஸ் கணிப்பொறியில் நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி, உரிய நிரல்களை அழைத்து வேலை வாங்குவது ஷெல். அது செய்யவேண்டியவற்றை முன்கூட்டியே வரிசையாக எழுதிவைத்த ஏடே ஸ்கிரிப்ட்.

என் ஸ்கிரிப்டின் கருத்து எளியது. அடைவிலுள்ள ஒவ்வொரு வேவ் கோப்பின் பெயரையும் 'எஃப்' என்னும் மாறியில் வைக்கவேண்டும். பின்னர், எஃப்எஃப்எம்பெக் என்னும் புறநிரலை அழைத்து அப்பெயரைக் கொடுத்து மாற்றச் சொல்லவேண்டும். அதன்பின், 'ஆர்எம்' என்னும் அழிக்கும் நிரலை அழைத்து, அதே பெயரைக் கொடுத்து, பழைய கோப்பை நீக்கச் சொல்லவேண்டும். இங்ஙனம் புறநிரலை அழைக்குங்கால் அதன் கையில் நாம் கொடுத்தனுப்பும் சொற்களை ஆர்கியுமென்டுகள் என்பர்.

அழிக்கும் கட்டளையாயிற்றே என்ற அச்சம் எனக்கும் இருந்தது. ஆதலின், முதலில் 'எக்கோ' என்னும் கட்டளையை ஆர்எம்-இன் முன்னே இட்டுப் பார்த்தேன். அது வேலையைச் செய்யாமல், செய்யவிருக்கும் வரியைத் திரையில் மட்டும் காட்டும். 'ஆர்எம் ஆச்சி தாலாட்டு.வேவ்' என்று காட்டிற்று. பிழையொன்றும் காணேன். மனம் அமைந்து, எக்கோவை நீக்கி, ஸ்கிரிப்டை ஓடவிட்டு உறங்கச் சென்றேன்.

காலையிற் பார்த்தேன். எம்பி3 கோப்புகள் 21 இருந்தன. பழைய வேவ் கோப்பு ஒன்று மாறாமல் அப்படியே கிடந்தது. அது இருமலோடு நின்ற 'ஆச்சி தாலாட்டு'. முழுமையான 'தாலாட்டு' வேவிலும் இல்லை, எம்பி3-இலும் இல்லை. திரையில் எஃப்எஃப்எம்பெக் கொட்டியிருந்த நூற்றுக்கணக்கான வரிகளைப் பின்னோக்கித் தேடியபோது ஒரு வரி கண்ணிற் பட்டது. 'ஆச்சி' என்று ஒரு கோப்போ அடைவோ இல்லை என்று இயந்திரம் அறிவித்திருந்தது. அதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. ஆயினும் அவ்வரியைப் படித்தபோது நெஞ்சம் திடுக்கிட்டது.

விடுதியில் எனக்கு அடுத்த அறையிலுள்ள நண்பர் கணிப்பொறி அறிவியல் பயில்பவர். அவரிடம் ஓடினேன். அழிந்த கோப்பின் இடத்திலே புதிய எம்பி3 கோப்புகள் எழுதப்பட்டுவிட்டமையால், அவர் இரண்டு நாள் முயன்றும் அதனை மீட்க இயலவில்லை. பின்னர் என் ஸ்கிரிப்டை வாங்கிப் பார்த்து, ஒரு தாளை எடுத்துப் பெட்டிகள் வரைந்து காட்டினார்.

"ஒரு நிரல் மற்றொரு நிரலை அழைக்குங்கால் அனுப்புவது வாக்கியமன்று, வரிசையாக அடுக்கிய பெட்டிகள். முதற்பெட்டியில் அழைக்கப்படும் நிரலின் பெயர். அடுத்தடுத்த பெட்டிகளில் ஒவ்வோர் ஆர்கியுமென்டு. ஒவ்வொரு பெட்டியின் முடிவையும் பூச்சியமாகிய ஒரு பைட்டு காட்டும். ஆதலின் பெட்டிக்குள்ளே எத்துணை இடைவெளி இருப்பினும் லினக்ஸிற்குக் கவலையில்லை. கோப்பின் பெயரில் வரக்கூடாதவை சாய்கோடும் அப்பூச்சியமும் மட்டுமே. கோளாறு பெட்டியில் இல்லை, பெட்டியில் இடுகிறவனிடம் இருக்கிறது" என்றார்.

அவர் விளக்கியதன் சாரம் வருமாறு: ஸ்கிரிப்டில் மாறியின் முன் டாலர்க் குறியிட்டால், ஷெல் அதன் மதிப்பை அவ்விடத்தில் வைக்கும். அத்தோடு நில்லாது, மேற்கோட்குறி இல்லையாயின், அம்மதிப்பை இடைவெளி, தத்தல், வரிமுடிவு ஆகியவை வருமிடந்தோறும் வெட்டித் தனித்தனிச் சொற்களாக்கும். உடுக்குறி போன்றவை இருந்தால் அவற்றிற்குப் பொருந்தும் கோப்புப் பெயர்களையெல்லாம் கொணர்ந்து நிரப்பவும் செய்யும். யான் அனுப்ப எண்ணியது ஒரு பெட்டி. ஆர்எம்-இன் கையிற் சேர்ந்தவை இரண்டு. ஒன்றில் 'ஆச்சி', மற்றொன்றில் 'தாலாட்டு.வேவ்'. ஆச்சி என்னும் பெயரில் கோப்பு இல்லையென்று ஆர்எம் சொல்லிற்று. தாலாட்டு.வேவ் என்பதோ இருந்தது. ஆதலின் அதனைப் பேசாமல் அழித்துவிட்டது. அகரவரிசையில் 'ஆ' முன்னும் 'த' பின்னும் வருதலால், முழுத் தாலாட்டு தன் முறை வந்து எம்பி3 ஆவதற்கு முன்னரே மாண்டது. எஃப்எஃப்எம்பெக்கும் 'ஆச்சி'யைக் காணாமல் தோற்றிருந்தது. அத்தோல்வியைக் கேளாமலே யான் அடுத்த வரியில் அழிக்கச் சொல்லியிருந்தேன்.

"எக்கோவில் சரியாகத்தானே காட்டிற்று?" என்று வினவினேன். நண்பர் நகைத்து, "எக்கோ தனக்கு வந்த பெட்டிகளை நடுவே ஒவ்வோர் இடைவெளி விட்டுச் சேர்த்து அச்சிடும். ஒரு பெட்டியாய் வந்தாலும் இரண்டாய் வந்தாலும் திரையில் தோற்றம் ஒன்றே" என்றார்.

அம்மொழியைக் கேட்டவுடன் வகுப்பறையிற் கற்ற பாடம் நினைவிற்கு வந்தது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் உரையாசிரியர்கள் 'செம்பொன்பதின்றொடி' என்றொரு தொடரைக் காட்டுவர். செம்பொன் பதின்றொடி என்று பிரித்தால் பத்துத் தொடி நிறையுள்ள பொன். செம்பு ஒன்பதின்றொடி என்று பிரித்தால் ஒன்பது தொடிச் செம்பு. எழுத்தில் வேறுபாடு சிறிதுமில்லை. இசையறுத்துச் சொல்லுமிடத்தே பொன் செம்பாகிவிடும். சொற்களுக்கிடையே இடம் விடாமலும், பெரும்பாலும் புள்ளியிடாமலும் எழுதப்பட்ட ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்த பெரியோர் பட்ட துன்பத்தில் பெரும்பகுதி இதுவேயன்றோ? 1887-இல் சீவகசிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றிய சாமிநாதையரவர்கள், ஒரு சொல் எங்கே முடிகின்றது என்று தெளிவதற்குப் பிரதி பலவற்றை ஒப்புநோக்கினார். யானோ ஓர் எக்கோவை நம்பி உறங்கச் சென்றேன்.

நிற்க. ஷெல் ஏன் இங்ஙனம் வெட்டுகின்றது என்பதற்கும் காரணம் உண்டு. யூனிக்ஸ் என்னும் இயங்குதளம் 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி முதலியோரால் தொடங்கப்பட்டது. ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வெளிவந்தது. அம்மொழியில் பல பொருள்களை அடுக்கி வைக்கத்தக்க அணி வகை மாறி இல்லை. பத்துக் கோப்புகளின் பெயரை ஒரு மாறியில் வைத்துப் பின்னர்ப் பத்தாக வழங்கவேண்டுமாயின், இடைவெளி கண்டவிடத்து வெட்டுதலே வழியாயிற்று. பிரயன் ஃபாக்ஸ் 1989-இல் வெளியிட்ட பாஷும் அம்மரபைப் பின்பற்றியது. 1990-இல் தோன்றிய இசட்ஷெல், கேளாமல் இங்ஙனம் வெட்டுவதில்லை. விண்டோஸில் வழக்கம் முற்றிலும் வேறு: அங்கே புதிய நிரலுக்கு ஒரே நீண்ட வரியே போய்ச் சேரும், அதனைச் சொற்களாகப் பிரித்துக்கொள்வது அழைக்கப்பட்ட நிரலின் பொறுப்பு. ஆதலின் ஒரே வரியை இரு நிரல்கள் இருவேறாகப் பிரித்தலும் கூடும்.

இக்குழியில் வீழ்ந்தோர் என்னைப்போன்ற இளையோர் மட்டுமல்லர். 2001 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் மாக் கணிப்பொறிகளுக்கென வெளியிட்ட ஐட்யூன்ஸ் இரண்டாம் பதிப்பின் நிறுவல் ஸ்கிரிப்டில், மாறியைச் சுற்றி மேற்கோட்குறி இல்லை. வன்தட்டுப் பகுதியின் பெயரில் இடைவெளி வைத்திருந்த சிலருடைய கோப்புகள் அதனால் அழிந்தன. அந்நிறுவனம் அதனைத் திரும்பப் பெற்றுத் திருத்திய பதிப்பை வெளியிட்டது. 2011-இல் பம்பிள்பீ என்னும் கட்டற்ற மென்பொருளின் நிறுவல் ஸ்கிரிப்டில், அழிக்கவேண்டிய அடைவின் பெயர்நடுவே வேண்டாத இடைவெளி ஒன்று புகுந்தமையால், இயங்குதளத்தின் இன்றியமையாத அடைவு ஒன்றே அழிந்தது. முன்னதில் காக்கப்படாத இடைவெளி; பின்னதில் தவறி விழுந்த இடைவெளி.

இவற்றைத் தவிர்க்கும் வழிகளை நண்பர் எனக்குக் கற்பித்தார். என்போல் தொகுப்புப் பணி செய்யும் தோழர்க்கு அவை பயன்படும்.

முதலாவது, மாறி வருமிடமெல்லாம் அதனை இரட்டை மேற்கோட்குறிக்குள் வைத்தல். இரட்டைக் குறிக்குள் மதிப்பு வந்து நிற்கும், ஆனால் வெட்டுப்படாது. ஒற்றைக் குறிக்குள்ளோ டாலர்க் குறியும் வெறும் எழுத்தாகிவிடும். நம் ஸ்கிரிப்டிற்கு வந்த ஆர்கியுமென்டுகள் அனைத்தையும் மற்றொரு நிரலுக்கு அப்படியே கடத்தவேண்டுமாயின், டாலரையும் அட்-குறியையும் சேர்த்து இரட்டைக் குறிக்குள் இடவேண்டும். அட்-குறிக்கு மாறாக உடுக்குறியை இட்டால் எல்லாம் ஒரே பெட்டியாய் ஒட்டிவிடும்.

இரண்டாவது, பல ஆர்கியுமென்டுகளைச் சேர்த்து வைக்க வேண்டின், அவற்றை ஒரே சரமாகக் கோக்காமல், பாஷில் உள்ள அணி மாறியில் ஒவ்வொன்றாக வைத்தல். பைத்தான் மொழியிலும் சப்பிராசஸ் என்னும் தொகுதியைக் கொண்டு புறநிரலை அழைக்குங்கால், நீண்ட வரியாக ஷெல்லிடம் கொடாமல் பட்டியலாகக் கொடுத்தால், நடுவே ஷெல் வாராது. பெட்டிகள் அப்படியே சேரும். பிறர் தட்டிய பெயரை நம் வரியில் ஒட்டி ஷெல்லிடம் கொடுத்தால், அப்பெயருக்குள் மறைந்துள்ள கட்டளையையும் ஷெல் நிறைவேற்றிவிடக்கூடும் என்பதும் அறியத்தக்கது.

மூன்றாவது, கோப்பின் பெயர் சிறுகோட்டில் தொடங்கினால், நிரல் அதனைப் பெயரென்று கொள்ளாமல் விருப்பக் குறியென்று கொள்ளும். பெயருக்கு முன்னே இரட்டைச் சிறுகோடு இட்டால், ஆர்எம் முதலிய பல நிரல்கள் அதன் பின் வருவனவற்றைப் பெயரென்றே கொள்ளும்.

நான்காவது, ஒரு நிரல் முடியும்போது ஷெல்லிடம் ஓர் எண்ணைத் தந்து செல்லும். பூச்சியமாயின் வெற்றி, பிறவாயின் தோல்வி. மாற்றும் பணி வென்றாலன்றி அழிக்கும் பணி தொடங்காதவாறு, இரண்டிற்கும் நடுவே இரட்டை 'உம்'மைக் குறியை இடவேண்டும். இஃதொன்றைச் செய்திருந்தாலே, மற்றெல்லாப் பிழைகளோடும், ஆச்சியின் தாலாட்டு பிழைத்திருக்கும்.

ஐந்தாவது, சோதித்துப் பார்க்க எக்கோ போதாது. 'பிரின்ட்எஃப்' என்னும் கட்டளையால் ஒவ்வோர் ஆர்கியுமென்டையும் தனித்தனி வரியில், இருபுறமும் அடைப்பிட்டு அச்சிட்டால், பெட்டிகள் எத்தனை என்பது கண்கூடாகும்.

திருக்குறளின் தூது என்னும் அதிகாரத்திற்கு உரை வகுத்த பரிமேலழகர், தூதரைத் தான் வகுத்துக் கூறுவான், கூறியது கூறுவான் என இருவகைப்படுத்துவர். அரசியலில் முன்னவனே சிறந்தவன். தான் ஆராய்ந்து இடமறிந்து பேசவல்லவன். புறநிரலிடம் பெயரொன்றைக் கொண்டு செல்லும் பணிக்கோ பின்னவனே வேண்டும். மேற்கோட்குறியிடாத ஷெல் தானே வகுத்துக் கூறும் தூதன். குறியிட்டால் அவனே கூறியது கூறுவான் ஆவான். எத்தகைய தூதனை அனுப்புகின்றோம் என்று அறிந்து அனுப்புதல் அனுப்புகிறவன் கடன்.

மே மாதத்தில் ஊர் சென்றேன். ஆச்சியிடம் இதனை எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் தயங்கினேன். மூன்றாம் நாள் திண்ணையில் அவர் ஓலை கிழித்துக்கொண்டிருக்கையில் அருகே அமர்ந்து, பாட்டு அழிந்துபோயிற்று என்றும், என் கவனக்குறைவே காரணம் என்றும் சொன்னேன். ஆச்சி நிமிர்ந்து பார்த்து, "எய்யா, பாட்டுதான போச்சு? பாடுதவ இன்னும் இருக்கேம்லா" என்றார். அந்த இயந்திரம் 'ஆச்சி' என்று ஒருவர் இல்லையென்று அறிவித்த செய்தியையும் சொன்னேன். கைகொட்டி நகைத்து, "அதுக்கு என்னயத் தெரியாதுல்லா" என்றார்.

அன்று மாலையே மீண்டும் பாடினார். மாமன்மார் சீரும் ஓலைக் கிலுகிலுப்பையும் வந்தன. பாட்டனார் பனையேறச் சென்று பொழுது சாய்ந்தும் திரும்பாத பகுதி வருமிடத்தில் நின்றார். சிறிது நேரம் வெளியை நோக்கினார். "அங்ஙன ஒரு நாலு வரி வரும், இப்பம் பிடிபட மாட்டேங்குது" என்றார். மறுநாளும் அதற்கு மறுநாளும் கேட்டேன், வரவில்லை. அந்நான்கு வரிகளை யான் ஒருமுறை செவியாற் கேட்டவன். எழுதிவைக்கலாம் என்று வாளாவிருந்தவன். பொருள் மட்டும் என் நினைவிலுண்டு; சொற்கள் இல்லை. ஆச்சியின் தங்கையொருவர் அடுத்த ஊரில் இருக்கின்றார். அவர்க்குத் தெரிந்திருக்கலாமென்று ஆச்சி சொல்லியிருக்கிறார். வரும் விடுமுறையில் அவரைக் காணச் செல்வேன்.

இம்முறை பாட்டைப் பதிவு செய்தவுடனே சுவடியில் கையாலும் எழுதிக்கொண்டேன். கோப்பை மூன்றிடங்களில் வைத்துள்ளேன். பெயரில் இடைவெளிக்கு மாற்றாக அடிக்கோடு இட்டால் தொல்லையில்லை என்று நண்பர் அறிவுறுத்தினார். அவர் சொல்வது உண்மையே. ஆயினும் அப்பதிவின் பெயர் இன்றும் 'ஆச்சி தாலாட்டு' என்று நடுவே ஓர் இடைவெளியோடுதான் இருக்கின்றது. தமிழில் அங்ஙனம் எழுதுவதே முறை. அப்பெயரைச் சிதையாமற் சுமக்க என் ஸ்கிரிப்ட் இப்போது கற்றுக்கொண்டது.